பதினாறாவது வரிசைக் கல்

அத்தியாயம் 17

போன வாரம் விண்ணரசியைக் கூடத்துத் தரையில் அழவிட்டுவிட்டு வந்துவிட்டோம். என்ன செய்வது, பக்கம் முடிந்துவிட்டது. ஒரு வாரமாக அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கவலைப்பட்டு எழுதிய பட்டுக்கோட்டை வாசகிக்கு முதலில் ஒரு செய்தி: அவள் எழுந்துவிட்டாள். முகத்தைக் கழுவிவிட்டு, உலையும் வைத்துவிட்டாள்.

விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவன் ஆல்பின், மூத்த மகள் ஜாஸ்லின் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளை கவுன் ஒன்று அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை. கவுன் வந்து சேர்ந்ததோ சனிக்கிழமை சாயங்காலம், ஊருக்குத் திரும்பிய யாரோ ஒருவர் கையில். லேஸ், முத்து, முதுகில் பெரிய பட்டு முடிச்சு என்று எல்லாமே இருந்தது. பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தால், கணுக்கால்வரை வர வேண்டியது முழங்காலோடு நின்றுவிட்டது.

கவுன் குட்டையாகப் போனதற்கு அவள் அழவில்லை. கூடவே வந்த கடிதத்துக்குத்தான் அழுதாள்.

“விண்ணு, நீ அனுப்புற போட்டோவ நான் சும்மா பாக்குறதில்ல. பின்னாடி இருக்குற நம்ம வீட்டுச் சுவத்துல கல்லு வரிசைய எண்ணித்தான் பிள்ளைங்க உயரத்தப் பாக்குறேன். போன வருசம் ஈஸ்டர் படத்துல ஜாஸ்லின் பதினாலாவது கல்லுல நின்னா. இந்தப் பொங்கல் படத்துலயும் அதே பதினாலாவது கல்லு. ஒம்பது மாசத்துல பிள்ளை ஒரு கல்லுகூட வளரல. என்னத்தப் போட்டு வளக்குறே? மேட்டூர் திறந்துட்டா நாத்தங்கால், நடவுன்னு நீயும் வயல்லயே கிடப்பே. ஜூன்ல அவள திருச்சி போர்டிங்ல சேத்துடலாம்னு இருக்கேன். அங்க வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவாங்க. வெள்ளிக்கிழமை போன்ல முடிவு சொல்றேன்.”

இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்து, ஆல்பின் கூடவே நின்று கட்டிய வீடு அது. கட்டி முடித்து, பூச்சு வேலைக்கு நாள் இல்லாமல் விமானம் ஏறிவிட்டான். அந்தச் செங்கல் சுவருக்கு முன்னால்தான் விண்ணரசி பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அவன் அதை அளவுகோலாக வைத்துக்கொண்டிருப்பான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பிள்ளை நன்றாகத்தான் வளர்கிறாள் என்று போனில் சொன்னால் நம்புவானா? மாட்டான். சின்னவள் ஷீபாவுக்கு அம்மை போட்டதை மறைத்ததிலிருந்து அவள் வாய்ச்சொல்லுக்கு மஸ்கட்டில் மதிப்பு குறைவு. அவனுக்குப் படம்தான் சாட்சி. படமோ அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

என்னத்தப் போட்டு வளக்குறே. அந்த ஒரு வரிதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

* * *

ஞாயிறு விடியும்போது விண்ணரசி தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தாள். கவுனின் பக்கத் தையலைப் பிரித்து அகலப்படுத்தியாயிற்று. கீழே ஒட்டுப்போடத்தான் நல்ல வெள்ளைத் துணி இல்லை. தலையணை உறையைப் பிரித்துப் பார்த்தாள். அது வெள்ளை என்று சத்தியம் செய்தால்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

மாமனார் அடைக்கலசாமி உள்ளேயிருந்து எதையோ கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார்.

“இந்தா, இத வெட்டிக்க.”

மடிப்புக் கலையாத புது எட்டு முழ வேட்டி. விண்ணரசி பதறிவிட்டாள்.

“மாமா! இது இன்னைக்குக் கோயிலுக்குக் கட்டிக்க வாங்குனது!”

“நானா புதுநன்மை வாங்கப் போறேன்? பழசு ஒண்ணு துவைச்சு வச்சிருக்கேன். நீ வெட்டும்மா. ஆனா ஒண்ணு, கரை தெரியாம வெட்டு. கவுனுக்கு அடியில சிவப்புக் கரை தெரிஞ்சுதுன்னா, கிழவனுக்கும் சேர்த்துத்தான் புதுநன்மைன்னு ஊருல பேசுவானுவ.”

அவள் சிரித்துவிட்டாள். நேற்று சாயங்காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. கடிதத்தில் இருந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கவுன் அளவு தப்பிவிட்டது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். பேத்தி என்றால் உயிரையே விடும் மனிதரிடம், விசேஷத்து நாளில் போர்டிங் பேச்சை எப்படி எடுப்பது?

வேட்டி மூன்று அடுக்குக் கொசுவமாகி கவுனுக்கு அடியில் சேர்ந்தது. போட்டுப் பார்த்தபோது, முதலிலேயே அப்படித்தான் தைத்திருப்பார்களோ என்று இருந்தது. ஜாஸ்லின் ஒரு சுற்றுச் சுற்றினாள். வேட்டி குடையாக விரிந்தது.

“அம்மா, நான் நிஜமாவே வளரலையா?”

விண்ணரசியின் கை அப்படியே நின்றது. “யாரு சொன்னது?”

“சும்மாதான் கேட்டேன்.”

பிள்ளை கடிதத்தைப் படித்துவிட்டாள் என்று தாய்க்குத் தெரியாதா?  மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் புழக்கடைக்குப் போனாள்.

ஏன் புழக்கடைக்கு என்றால், முன்பக்கச் சுவரில் இப்போது கல்லே இல்லை. விசேஷத்துக்கு நாலு பேர் வருகிற இடத்தில் செங்கல்லைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று அடைக்கலசாமி பத்து நாளைக்கு முன் கொத்தனாரை விட்டு முகப்பு முழுவதையும் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார். பூசாத சுவர் என்று மிச்சம் இருப்பது பின்பக்கம் மட்டும்தான். அங்கே செவலைப் பசு கட்டியிருக்கும். பாதிச் சுவரில் வறட்டி தட்டியிருக்கும்.

வறட்டி இல்லாத ஓர் இடத்தில் ஜாஸ்லினை முதுகு ஒட்டி நிற்கவைத்து, தரையிலிருந்து விரல் வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினான்காவது கல் முகவாய்க்கட்டை மட்டத்திலேயே நின்றுவிட்டது. உச்சந்தலை சரியாகப் பதினாறாவது கல்லில் இருந்தது.

மறுபடியும் எண்ணினாள். பதினாறு.

அலமாரிக்கு ஓடிப்போய் பொங்கல் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்து வந்தாள். அதில் எண்ணினால் பதினான்கு. பொங்கலிலிருந்து நான்கு மாதத்தில் எந்தப் பிள்ளை இரண்டு கல் வளரும்?

“அம்மா, செவலை கவுனை நக்க வருது!”

ஜாஸ்லின் சுவரை விட்டு நாலைந்து எட்டு முன்னால் வந்து நின்றாள். “அங்கேயே நில்லுடி” என்று அதட்ட நிமிர்ந்த விண்ணரசி, வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள்.

அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மகளின் தலை பதினான்காவது கல்லில் இருந்தது.

சுவர் அதே சுவர். பிள்ளையும் அதே பிள்ளை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். பதினான்குதான். சந்தேகத்தோடு அங்கே கவிழ்ந்து கிடந்த உரல் மேல் ஏறி நின்று பார்த்தாள். தலை இன்னும் இறங்கிப் பதின்மூன்றுக்கும் கீழே போயிற்று. உரலிலிருந்து இறங்கினாள். மெல்லக் குனிந்தாள். பதினான்கு. இன்னும் குனிந்தாள். பதினைந்து. பிள்ளை ஓர் அங்குலம்கூட அசையாமல் கல் கல்லாக ஏறிக்கொண்டிருந்தாள்.

விண்ணரசி அந்த மண்ணிலேயே முழங்காலிட்டாள். மகளின் கண்ணும் அவள் கண்ணும் நேருக்கு நேர் வந்தன.

பதினாறு.

பொங்கலன்று நடந்ததெல்லாம் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இந்த வருடம் சம்பா நன்றாக விளைந்திருந்தது. களத்து நெல் வாசலில் குவிந்திருந்தது. பிள்ளையும் தெரிய வேண்டும், வீடும் தெரிய வேண்டும், நெல்லும் முழுசாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு, பிள்ளையைச் சுவரை விட்டு முன்னால் நிறுத்தி, தூரத்தில் ஸ்டூல் போட்டு அதன் மேல் ஏறி நின்று எடுத்தாள். ஆல்பினிடம் நெல் குவியலைக் காட்டிக்கொள்ள நினைத்த பெருமைக்கு, மகளின் உயரத்தில் இரண்டு கல் போயிருந்தது. போன வருட ஈஸ்டருக்கு நின்ற வாக்கில் எடுத்ததில் ஒரு கல் போயிருக்கும். எல்லாப் படத்திலும் பிள்ளையை மேலிருந்தே பார்த்திருக்கிறாள். எல்லாப் படத்திலும் பிள்ளை அண்ணாந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள்.

“ஏம்மா சிரிக்கிறே? ஏம்மா அழுவுறே?”

“நீ வளந்திருக்கடி” என்றாள் விண்ணரசி. “நல்லா, ஜம்முன்னு வளந்திருக்கே. எனக்குத்தான் படம் எடுக்கத் தெரியல.”

பிள்ளையை வளர்க்கத் தெரியாதவள் என்பதற்கும் படம் எடுக்கத் தெரியாதவள் என்பதற்கும் எவ்வளவு தூரம்! இரண்டாவது பழியை அவள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள். அதைத் திருத்த இன்று ஒரு நாள் போதும். ஆல்பினோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் அதிராம்பட்டினம் இப்ராஹிம் லீவு முடிந்து இன்றுதான் கிளம்புகிறான். பதினோரு மணிக்குக் கார் இந்த வழியாகத்தான் போகும். ஃபிலிம் ரோலை அவன் கையில் கொடுத்துவிட்டால், வெள்ளிக்கிழமைக்குள் மஸ்கட்டிலேயே கழுவிப் பார்த்துவிடலாம்.

கேமராவை எடுத்துப் பார்த்தாள். மூன்று படம் மிச்சம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இரண்டுதான் இருந்தது. ஷீபா கை வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பையில் போட்டாள்.

* * *

கோயிலில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் இந்த வாரம் முழுக்க அதுவே ஆகிவிடும். இருபத்திரண்டு பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு வரிசையாக வந்தார்கள். ஜாஸ்லின் பெண் பிள்ளைகளில் கடைசி. உயரம் பார்த்து நிறுத்தும் வரிசையில் கடைசி என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. விண்ணரசி அதைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளிடம், “அந்தக் கடைசியில நெட்டையா வருதே, அது என் மவ” என்று கேட்காமலேயே சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஜாஸ்லினைப் பிறந்த நாளிலிருந்தே தெரியும்.

பழைய வேட்டியில் வந்திருந்த அடைக்கலசாமி, பேத்தி நன்மை வாங்கித் திரும்புகையில் தன் புது வேட்டி பீடத்துப் படியில் சரசரவென்று இறங்குவதைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்.

* * *

வீட்டு வாசலில் பந்தல். இட்லியும் கறிக்குழம்பும் மணத்துக்கொண்டிருந்தன. முகப்புச் சுவரில் கலர் காகிதத் தோரணம் கட்டி, அதன் கீழே ஒரு நாற்காலி போட்டு, அடைக்கலசாமி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார்.

“வா கண்ணு, இங்க வந்து நில்லு. விண்ணரசி, நல்லா சுவரெல்லாம் தெரியுற மாதிரி எடும்மா. எம் மவன் பாக்கட்டும். வெயில்ல காஞ்சு கட்டுன வீடு எப்படிப் பளபளன்னு நிக்குதுன்னு பாக்கட்டும்.”

“மாமா” என்றாள் விண்ணரசி மெதுவாக. “படத்தப் பின்னாடி எடுக்கணும்.”

“பின்னாடின்னா?”

“மாட்டுக் கொட்டாப் பக்கம்.”

அடைக்கலசாமி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

“புதுநன்மை உடுப்புல பிள்ளைய வறட்டிக்கு முன்னாடி நிறுத்தப் போறியா? ஊரே வந்து உக்காந்திருக்கு. இதுக்கா நான் கொத்தனார் காலப் புடிச்சுப் பூசுனேன்?”

“பூசுனதுனாலதான் மாமா முடியல. அவுங்களுக்குக் கல்லு தெரியணும்.”

“எவனுக்குக் கல்லு தெரியணும்? பூசின சுவத்த விட்டுட்டுக் கல்லப் பாக்கணும்னு எந்தக் கிறுக்கன் சொன்னான்?”

“உங்க மவன்தான்.”

இனி மறைத்துப் பயனில்லை. ஓரமாக அழைத்துப்போய்க் கடிதத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடவில்லை. கையை நீட்டித் தூரமாக வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். போர்டிங் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

“பிள்ளைய எங்க அனுப்புறானாம்?”

“திருச்சிக்கு.”

“இங்க சோறு இல்லன்னா?”

 அவருக்கு அவமானமாகப் போயிற்று. ஐந்து மா நிலத்தில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட வீடு இது. களத்தில் அறுத்துக் கொட்டிய நெல்லைத் தன் கையால் கூட்டிப் பெருக்கிய மனிதர் அவர்.

விண்ணரசி விஷயத்தைச் சொன்னாள். காலையில் எண்ணியது, குனிந்தால் ஏறியது, ஸ்டூல் மேல் நின்றது, எல்லாவற்றையும். அவருக்குப் பாதி புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்ள அவர் நிற்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று புழக்கடைக்குப் போனார்.

விருந்தாளிகள் எட்டிப் பார்த்தபோது, விசேஷ வீட்டுப் பெரியவர் சுவரிலிருந்து வறட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஷீபா ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலு வயசுக்கு அதைவிட நல்ல விசேஷம் கிடையாது. செவலையை அவிழ்த்துத் தென்னையில் கட்டினார்கள். ஒரு வாளித் தண்ணீர் விட்டுச் சுவரைக் கழுவியதும் செங்கல் சிவக்கச் சிவக்கத் தெரிந்தது.

“நில்லு தாயி” என்றார் பேத்தியிடம். “அடியிலேருந்து ஒரு கல்லுகூட மறையாம நில்லு.”

ஜாஸ்லின் பூக்கிரீடத்தோடு வந்து, ஈரச் சுவரில் கவுன் படாமல் இரண்டு எட்டு முன்னால் நின்றாள். அவ்வளவு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். விண்ணரசி கேமராவை எடுத்துக்கொண்டு ஆறடி தள்ளிப் போனாள். பட்டுப் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கினாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு, ஈரமும் சாணியும் கலந்த தரையில் முழங்காலிட்டாள்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கோயில் உபதேசியார் குரல் கொடுத்தார்.

“என்ன விண்ணரசி, பூசை கோயில்லயே முடிஞ்சு போச்சே! இங்க யாருக்கு முழங்கால்?”

“என் பிள்ளைக்குத்தாங்க” என்றாள் அவள் திரும்பாமல். “இவ்வளவு நாளும் நின்னுகிட்டே பாத்துட்டேன்.”



அடைக்கலசாமி அவள் காதருகே குனிந்தார். குனிந்தால் தலை ஏறும் என்பது மட்டும் அவருக்கு நன்றாகப் பதிந்திருந்தது.

“ஏம்மா, இன்னும் கொஞ்சம் கீழ போயேன். தரையோட தரையா படுத்து எடு. பதினெட்டு கல்லு ஆகட்டும். அவன் வாயத் திறக்கக் கூடாது.”

“வேணாம் மாமா. பதினெட்டுன்னா அடுத்த கவுன் தரையில புரளும்.”

“அதுவும் சரிதான்.”

“இருக்குற உயரமே போதும். எம் பிள்ளைக்குப் பொய் உயரம் எதுக்கு?”

கண்ணாடித் துளை வழியே பார்த்தாள். முதல் படம் கணக்குக்கு. ஜாஸ்லின் சிப்பாய் மாதிரி விறைத்து நின்றாள். உச்சந்தலை பதினாறில் உட்கார்ந்தது. கிரீடத்தைச் சேர்க்காமல் பதினாறு. அழுத்தினாள்.

இன்னும் ஒன்று.

இத்தனை வருடமும் அவள் “சிரி, சிரி” என்று கத்தித்தான் படம் எடுத்திருக்கிறாள். பிள்ளைகளும் பல்லைக் காட்டியிருக்கிறார்கள். இன்று ஒன்றும் சொல்லவில்லை. மகளின் உயரத்திலேயே இருந்துகொண்டு பேசாமல் பார்த்தாள். ஜாஸ்லின் இன்று அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. கண்ணைச் சுருக்கவும் இல்லை. கேமராவைப் பார்த்தாள், அதைத் தாண்டி அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள், அப்படியே கீழே பார்த்தாள்.

“அம்மா! உன் பட்டுப் புடவை பூரா சாணி!”

என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அடக்க முடியாமல், கையிலிருந்த மெழுகுவர்த்தி சாய, ஒரு பக்கம் கிரீடம் சரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விண்ணரசி அழுத்தினாள். ரோல் முடிந்தது.

அந்தப் படத்தை அவள் பார்க்கப் போவதில்லை. அது கழுவப்படுவதே கடலுக்கு அந்தப் பக்கத்தில். ஆனாலும் அது எப்படி வந்திருக்கும் என்று அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. பத்து வருடம் வளர்த்த பிள்ளையை இன்றுதான் முழுசாகப் பார்த்தது போல் இருந்தது. 

* * *

இப்ராஹிமின் கார் சொன்னபடி பதினோரு மணிக்கு வந்தது. ரோலைச் சின்ன டப்பாவில் போட்டு, டப்பாவைக் கைக்குட்டையில் முடிந்து நீட்டினாள்.

“அண்ணே, இத அவுங்ககிட்ட குடுத்து, போனதும் கழுவிப் பாக்கச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள.”

“குடுத்துடறேன்மா. வேற ஏதும் சொல்லணுமா?”

சொல்ல எவ்வளவோ இருந்தது. சனிக்கிழமையிலிருந்து மனசுக்குள் எழுதி வைத்த பதில் கடிதமே நாலு பக்கம் வரும்.

“கல்ல எண்ணிப் பாக்கச் சொல்லுங்க. அது போதும்.”

இப்ராஹிம் சிரித்துவிட்டான்.

“ஆல்பின் அதத்தான் செய்வாப்ல. எங்க ரூம்ல எட்டுப் பேருக்கும் இதான்மா வேலை. என் வீட்டுக்காரி ஹலீமா அனுப்புற படத்துல நான் ஜன்னல் கம்பிய எண்ணித்தான் எங்க மவன் மூஸாவப் பாப்பேன். வேதாரண்யத்துக்காரர் ஒருத்தர் இருக்காரு. அவரு தென்னமரத்து வளையத்த எண்ணுவாரு. வெள்ளிக்கிழமை ஆனா போதும், ஆளாளுக்குப் படத்தப் பரப்பிப் போட்டுக்கிட்டு ஸ்கேல வச்சு அளப்போம். போன பொங்கலுக்கு வந்த படத்தப் பாத்துட்டு ஆல்பின் ரெண்டு நாளா சரியா சாப்பிடல.”

விண்ணரசி இதை எதிர்பார்க்கவில்லை. என்னத்தப் போட்டு வளக்குறே என்று எழுதியவன், அதை எழுதுவதற்கு முன் சாப்பிடாமல் கிடந்திருக்கிறான். கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. மீதிப் பாதியை வெள்ளிக்கிழமை போனுக்காகப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

“அப்ப ஹலீமாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க அண்ணே. மூஸாவப் படம் எடுக்கும்போது நின்னுகிட்டு எடுக்க வேணாம். அவன் கண்ணுக்கு நேரா முட்டி போட்டு எடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா ரெண்டு கம்பி குறையும்.”

“அப்படியா சங்கதி!” இப்ராஹிமின் முகம் மாறியது. “அப்ப எங்க மூஸா நான் நினைச்சத விட உசரமா இருக்கானோ? இந்த ஒரு மாசம் வீட்டுல இருந்தும் நான் கம்பியோட வச்சுப் பாக்கலயே! நீங்களே ஒரு நாள் வந்து ஹலீமாவுக்குச் சொல்லிக் குடுங்கம்மா. எங்க தெருவுல இன்னும் பத்து வீடு இருக்கு, எல்லாம் இப்படிப் படம் அனுப்புற வீடுதான்.”

அவள் சரி என்று தலையாட்டினாள். அடைக்கலசாமி பின்னால் நின்று, “எம் மருமவள்னா சும்மாவா” என்று காருக்குள் இருந்த டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இட்லி மட்டும் வாங்கிக்கொண்டான்.

கார் கிளம்பியது. தண்ணீர் இன்னும் திறக்காத புது ஆற்றுக் கால்வாய்ப் பாலத்தின் மேல் ஏறி இறங்கிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது.

ஜாஸ்லின் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, திட்ட மாட்டேன்னு சொல்லு.”

“என்ன பண்ணே?”

“அந்த ரோல்ல நான் எடுத்தது ஒண்ணு இருக்கு.”

மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தது விண்ணரசிக்கு நினைவு வந்தது. பாவம், ஷீபாவை அல்லவா சந்தேகப்பட்டாள்.

“என்னத்தடி எடுத்தே?”

“நேத்து சாயங்காலம், கோயில் மணி அடிச்சதுல உனக்குச் சத்தம் கேக்கல. நீ அப்பா லெட்டர கையில வச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு அழுதியே, அத. அப்பா பாக்கட்டும்னுதான் எடுத்தேன்.”

விண்ணரசிக்குப் பகீர் என்றது. அழுத மூஞ்சியும் கலைந்த தலையுமாக, கையில் அந்தக் கடிதத்தோடு, அந்த எட்டுப் பேர் படம் பரப்பிப் பார்க்கும் அறையில் அவளா! காரை மறிக்க ஓடலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தாள். பாலத்தில் புழுதிகூட அடங்கிவிட்டிருந்தது.

“சரியா விழுந்திருக்காது” என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. “நின்னுகிட்டு எடுத்திருப்பே. ஒண்ணும் தெரியாது.”

“இல்லம்மா” என்றாள் ஜாஸ்லின். “நீ தரையில உக்காந்திருந்தே. நானும் உன் எதுத்தாப்புல உக்காந்துதான் எடுத்தேன்.”

விண்ணரசி மகளையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி அவளை இழுத்து, தன்னோடு ஒட்டி நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் எண்ணிப் பார்க்கச் சுவர் எதுவும் இல்லை. பிள்ளையின் தலை அவள் தோளைத் தாண்டியிருந்தது.